படிக்க இடம் உண்டு. படுக்க இடம் இல்லை!

கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடான் என்பது எம்மவர் பழமொழி. பட்ட மேற்படிப்புக்காகக் கொழும்பு மாநகருக்கு வரும் தமிழ் மாணவரின் நிலைமையை இதனினும் சுருக்கமாக எவரும் கூறிவிட முடியாது. பல்கலைக்கழகம் அவரைத் தேர்ந்துவிட்டது; பதிவாளர் கடிதம் அனுப்பிவிட்டார்; கட்டணமும் கட்டியாயிற்று. ஆயின் அந்தக் கல்வியைப் பெறலாமா, பெறக்கூடாதா என்பதை இறுதியாகத் தீர்மானிப்பவர் பேராசிரியர் அல்லர், வீட்டுக்காரர்! அவர் வாயிற்கதவைப் பாதி திறக்கிறார், பெயரைக் கேட்கிறார், ஊரைக் கேட்கிறார், அடையாள அட்டையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கிறார், “அறை நேற்றே போய்விட்டது” என்கிறார். “அறை வாடகைக்கு உண்டு” என்ற அட்டையோ அடுத்த வாரமும் அதே படலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இஃதொரு சிறிய விடயம் என்று சிலர் எண்ணக்கூடும். இனத்தின் உரிமைகளைப் பற்றிப் பேசவேண்டிய பத்திரிகையில் வாடகை அறையைப் பற்றி எழுதுவதா என்று முகஞ் சுளிக்கவுங் கூடும். அவர்களுக்கு நாம் கூறும் விடை இது: உரிமை என்பது மேடையிலே முழங்கப்படுவது மாத்திரமன்று. இரவு பத்து மணிக்கு ஒரு மனிதன் எங்கே தலைசாய்க்கிறான், மறுநாள் காலை எத்தனை மணிக்கு நூல்நிலையத்தை அடைகிறான் என்பதிலேதான் உரிமை மெய்யாகிறது, அல்லது பொய்யாகிறது. கல்விக்கு அனுமதி வழங்கிவிட்டு அறைக்கு அனுமதி மறுப்பது, சோற்றைப் பரிமாறிவிட்டுக் கையைக் கட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

ஏன் கொழும்புக்கு வருகிறார்கள்?

“யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது, கிழக்கிலும் இருக்கிறது, இவர்கள் ஏன் கொழும்புக்கு வந்து இடர்ப்படவேண்டும்?” என்று வினவுவோர் உளர். வினா எளிது, ஆனால் அறியாமையிற் பிறந்தது.

இந்நாட்டில் வைத்திய நிபுணராக விரும்பும் வைத்தியர் எவராயினும், அவர் பருத்தித்துறையிற் பிறந்தாலென்ன, பதுளையிற் பிறந்தாலென்ன, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் வாயிலாகவே செல்லவேண்டும். அந்நிறுவகம் இருப்பது நொறிஸ் கனால் வீதியில். சட்டத்தரணியாக விரும்புவோர் 1874ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைத் தாண்டவேண்டும். அது இருப்பது புதுக்கடையில். இலங்கை வரலாற்றில் ஆராய்ச்சி செய்யப் புகுவோர் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களைப் பார்க்கவேண்டுமாயின் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் செல்லவேண்டும். அது இருப்பது கொழும்பு ஏழில். அருங்காட்சியகத்து நூலகம் அதற்கு அண்மையில். தொல்லியற் பட்டப்பின் நிறுவகம் பொரளைப் பக்கத்தில். முகாமைத்துவ பட்டப்பின் நிறுவகமும் அங்கேதான்.

நாட்டின் உயர்கல்வியையும், ஆவணங்களையும், பரீட்சை மண்டபங்களையும் ஒரு நகரின் சில மைல் சுற்றளவுக்குள்ளே குவித்து வைத்தவர்கள் நாமல்லோம், ஆட்சியாளர்கள். எல்லாவற்றையும் ஒரு வீட்டிற்குள் வைத்துப் பூட்டியவன், “நீ ஏன் என் வீட்டுக்கு வருகிறாய்?” என்று கேட்பது எந்த நியாயத்திற் சேர்ந்தது?

1945ஆம் ஆண்டு, கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்பது அதன் பெருமை. அப்பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. அதனாலே உயர்ந்தவர்களுள் ஏழைத் தமிழரும் உளர், ஏழைச் சிங்களவரும் உளர். ஆயின் அந்தக் கொடை முதற் பட்டத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே படிப்போர் கட்டணம் செலுத்துகின்றனர். 1981இல் உருவாக்கப்பட்ட மகாபொல நிதி அவர்களுக்கில்லை. விடுதிகளோ முதற் பட்ட மாணவருக்கே போதாதவை. பட்டம் பெற்றுவிட்டவர் பெயர் பட்டியலின் கடைசியிலேதான் வரும். “நீ வளர்ந்துவிட்டாய், உன் வழியை நீ பார்த்துக்கொள்” என்பதே அவருக்குக் கிடைக்கும் ஆசீர்வாதம்.

பேராதனையில் அறிந்திருந்த உண்மை

மாணவருக்கு உறைவிடம் அமைப்பது கல்வியின் ஒரு பகுதியே என்பதை இந்நாடு ஒருகாலத்தில் நன்கறிந்திருந்தது. சர். பொன்னம்பலம் அருணாசலம் 1906ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அதனை எங்கே அமைப்பது என்று நீண்டகாலம் பெரும் வாதம் நிகழ்ந்தது. ஈற்றில் மகாவலிக் கரையிலே, பேராதனையிலே, மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக அதனை அமைப்பதென்று முடிவாகி, 1952இல் அங்கு குடிபுகுந்தனர். முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் அங்கே விரிவுரை மண்டபங்களை மாத்திரம் கட்டுவிக்கவில்லை. மாணவர் வதியும் மண்டபங்களையும் எழுப்பினார். அவற்றுள் ஒன்று அருணாசலம் பெயரையும், மற்றொன்று இராமநாதன் பெயரையும் இன்றும் தாங்கி நிற்கின்றன.

அங்கே யாழ்ப்பாணத்து மாணவனும் மாத்தறை மாணவனும் அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்தனர். வீட்டுக்காரரிடம் போய் நிற்கவேண்டிய தேவை இருவருக்குமே இருக்கவில்லை. அந்த அறிவு பின்னர் எங்கே போயிற்று? 1978இல் கொழும்புப் பல்கலைக்கழகம் தனியே எழுந்தது. அதன்பின் நிறுவகத்தின்மேல் நிறுவகமாகத் தலைநகரிற் பெருகின. பெயர்ப்பலகைகள் பெருகிய அளவுக்குப் படுக்கைகள் பெருகவில்லை! விரிவுரை மண்டபம் கட்டுபவர் திறப்புவிழாக் காணலாம், நாடா வெட்டலாம், கல்வெட்டிற் பெயர் பொறிக்கலாம். மாணவர் விடுதியிலோ அடைத்துப்போன குழாயும் உடைந்த கட்டிலுமே மிஞ்சும். ஆதலின் மந்திரிமார் அப்பக்கம் தலைகாட்டுவதில்லை போலும்.

அறை தேடும் படலம்

மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியை, கல்வி விடுமுறை பெற்று இரண்டாண்டுப் படிப்புக்குக் கொழும்பு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகை விளம்பரத்தைப் பார்க்கிறார், தரகரைப் பிடிக்கிறார், வெள்ளவத்தையில் ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கிறார். மாத வாடகை 25,000 ரூபா என்று ஓர் அறை அகப்படுகிறது என்றுங் கொள்வோம். வீட்டுக்காரர் ஆறுமாத முற்பணம் கேட்கிறார்: 150,000 ரூபா. முதல் மாத வாடகை 25,000. தரகருக்கு ஒருமாத வாடகை, இன்னுமொரு 25,000. ஒரு பக்கமேனும் படிப்பதற்கு முன்னே இரண்டு இலட்சம் ரூபா! மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியர் அதனை எங்கே பெறுவார்? நகையை அடகு வைக்கிறார். அல்லது தம்பியிடம் கடன் வாங்குகிறார். 2022இல் நாடு வங்குரோத்தாகி, அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்மித்த காலம் முதல், வாடகை ஏணியில் ஏறியது. ஏறியது பின்னர் இறங்கவில்லை.

இந்த முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டா? பெரும்பாலும் இல்லை. உடன்படிக்கை உண்டா? வாய்ச்சொல்தான். திரும்பக் கேட்கும்போது, சுவரில் ஆணி அடித்தாய், வெள்ளை பூசவேண்டும், மின்சாரக் கட்டணம் கூடிவிட்டது என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சத்தை “அடுத்த மாதம் வா” என்று கூறும் வீட்டுக்காரர்களைப் பற்றிய முறைப்பாடுகள் எமது மேசைக்கு வந்தவண்ணமே உள்ளன. வழக்காடுவதா? வழக்குச் செலவு முற்பணத்தை விழுங்கிவிடும். வழக்கு முடியுமுன் படிப்பே முடிந்துவிடும்.

இதுவரை கூறியது எல்லா இனத்து ஏழை மாணவருக்கும் பொது. மொனராகலையிலிருந்து வரும் சிங்கள மாணவனும் இதே முற்பணத்தைக் கட்டி, இதே மூட்டைப்பூச்சிக் கட்டிலிற் படுக்கிறான். அதனை நாம் மறைக்கமாட்டோம். அவன் எமது பகைவனல்லன். ஆனால் அவனுக்கு இல்லாத இன்னொரு மதில் தமிழ் மாணவருக்கும் முஸ்லிம் மாணவருக்கும் முன்னே எழுந்து நிற்கிறது. அவனிடம் பணம் இருக்கிறதா என்றே கேட்பர். இவர்களிடம், நீ யார் என்று கேட்பர்.

அச்சத்தின் வேர்

வீட்டுக்காரர் எல்லோரும் இனத்துவேஷிகள் என்று நாம் கூறவில்லை. 1983 யூலையில் தமிழ் அயலவரைத் தமது வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காத்த சிங்களக் குடும்பங்கள் பல உண்டு. அந்த நன்றியை மறப்பவன் தமிழனல்லன். எனினும் அதே 1983 வேறொரு பாடத்தையும் புகட்டியது: தமிழர் குடியிருக்கும் வீடு எரியக்கூடிய வீடு! அன்று எரிந்த வீட்டுக்கு நட்டப்பட்டவர் குடியிருந்தவர் மாத்திரமல்லர், உடைமைக்காரருமே.

அரசாங்கமும் தன் பங்குக்கு அந்த அச்சத்துக்கு நீர் வார்த்தது. போர்க்காலத்தில் வீட்டில் தங்குவோர் பெயர்ப்பட்டியலைப் பொலிஸ் நிலையத்திற் கொடுக்கவேண்டுமென்ற விதி தமிழர் வதியும் பகுதிகளில் எவ்வாறு நடைமுறைப்படுத்தப்பட்டது என்பதை அனுபவித்தவர் அறிவர். நள்ளிரவிற் கதவு தட்டப்படும். தமிழ்ப் பெயருடைய ஒருவருக்காக வீடு முழுவதும் எழுந்து நிற்கும். அடுத்த மாதம் அந்தத் தமிழர் வேறு அறை தேடவேண்டியதுதான்.

இதன் உச்சம் 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி. அதிகாலையிலே பொலிசார் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜுகளுக்குட் புகுந்து, தங்கியிருந்த தமிழரைப் பேருந்துகளில் ஏற்றினர். ஏற்றப்பட்டோர் 376 பேர். அவருட் பெண்கள் 85 பேர். வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அவர்கள் அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தலைநகரில் தங்கியிருந்தனராம்! சொந்த நாட்டின் தலைநகரில் இரவு தங்குவதற்குக் காரணங் காட்டவேண்டும் என்ற விதி வேறெந்த இனத்துக்கு உண்டு? மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தை நாம் ஏற்கிறோம். ஆயின் அந்த நாள் வாடகைக்கு விடும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழுதிய எழுத்தை எந்த வருத்தமும் அழித்துவிடவில்லை: தமிழருக்கு இடங்கொடுத்தால் தொல்லை வரும்.

2019 ஏப்பிரல் 21இன் பின்னர் அதே எழுத்து முஸ்லிம்களுக்கும் எழுதப்பட்டது. நீர்கொழும்பிலே வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள், எக்குற்றமும் புரியாதவர்கள், சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். இன்று ஓர் இனத்துக்கு மூடப்படும் கதவு நாளை எந்த இனத்துக்கும் மூடப்படலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தை எடுத்துப் பார்ப்போம். எமது அரசியலமைப்பின் 14(1)(ஏ) உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் நாடு முழுவதும் நடமாடவும் தான் விரும்பிய இடத்தில் வதியவும் சுதந்திரம் வழங்குகிறது. இது வெறும் அலங்காரமன்று. வவுனியா சிதம்பரபுரம் நலன்புரி நிலையத்தில் வாழ்ந்த ஒருவரின் நடமாட்டத்தைப் பொலிசார் பாஸ் முறையினாற் கட்டுப்படுத்தியபோது, அஃது அடிப்படை உரிமை மீறல் என்று 2002ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் முதலியன காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. 27ஆவது உறுப்புரை இன்னும் இனிமையாகப் பேசுகிறது: எல்லா மட்டங்களிலும் கல்விக்குச் சமவாய்ப்பு, எல்லாப் பிரசைகளுக்கும் போதிய உணவு, உடை, உறையுள்!

படிக்கும்போது நாவூறுகிறது. ஆயின் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? 27ஆவது உறுப்புரையின் கோட்பாடுகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று 29ஆவது உறுப்புரை கூறிவிடுகிறது. 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறையின் செயலுக்கு எதிராகவே போகலாம், அதுவும் ஒரு மாதத்துக்குள். வெள்ளவத்தை வீட்டுக்காரர் ஆட்சித்துறையல்லர். எனவே பொலிஸ்காரர் வெளியேற்றினால் வழக்குண்டு. வீட்டுக்காரர் உள்ளே விடாவிட்டால் வழக்கில்லை.

வாடகைச் சட்டம் காப்பாற்றுமா? 1942இன் யுத்தகாலக் கட்டளைச் சட்டத்திலிருந்து 1948ஆம், 1972ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை குடியிருப்போரைக் காக்கவே அவை பிறந்தன. ஆயின் 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் புதிய வீடுகள் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. மேலும் அந்தச் சட்டங்கள் ஏற்கனவே குடியிருப்பவரைக் காப்பன. படலையில் வைத்தே திருப்பி அனுப்பப்படுபவருக்கு அவற்றில் எந்த ஏற்பாடுமில்லை.

“என் வீடு, என் சொத்து, விரும்பியவருக்குக் கொடுப்பேன், விரும்பாதவருக்கு மறுப்பேன்” என்பார் வீட்டுக்காரர். இதற்கு விடையை அரசியலமைப்பே தந்திருக்கிறது. 12(3) உறுப்புரையைப் படியுங்கள். கடை, பொது உணவகம், ஹோட்டல், பொதுக் களியாட்ட இடம், தத்தம் மதத்துக்குரிய பொது வழிபாட்டிடம் ஆகியவற்றுட் செல்வதற்கு இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக எவருக்கும் தடை விதிக்கலாகாது என்று அது கூறுகிறது. கடை தனியார் சொத்தன்றா? ஹோட்டல் தனியார் சொத்தன்றா? பொதுமக்களை நோக்கிக் கதவைத் திறந்து பணம் பெறுபவன், வருவோரை இனம் பார்த்துப் பொறுக்கலாகாது என்பதே அதன் தத்துவம். அவ்வாறாயின் ஒருநாளைக்கு அறை கொடுக்கும் ஹோட்டல்காரர் மறுக்கக்கூடாது. ஓராண்டுக்கு அறை கொடுக்கும் வீட்டுக்காரர் மறுக்கலாம் என்பது என்ன தருக்கம்? இருவரும் விற்பது ஒரே பண்டமே: கூரையும் கட்டிலும்.

1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சாதி காரணமாக இன்னொருவருக்குத் தடை விதிக்கும் தனிமனிதரை அச்சட்டம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஆகவே தனியார் செயலிற் சட்டம் தலையிடலாகாது என்ற வாதம் இந்நாட்டிலேயே அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செத்துக் கிடக்கிறது.

பிறர் நடந்த பாதை

இந்த இடைவெளியை வேறு நாடுகளும் கண்டன, கண்டு அடைத்தன. பிரித்தானியாவைப் பாருங்கள். இலண்டனிலே சட்டம் பயிலச் சென்ற இலங்கையரும் இந்தியரும் ஆபிரிக்கரும் அறை தேடியபோது, “நிறத்தவருக்கு இடமில்லை” என்ற அட்டைகளைச் சன்னல்களிற் கண்டனர். 1965இல் வந்த இனத்தொடர்புச் சட்டம் ஹோட்டல், உணவகம் போன்ற பொது இடங்களோடு நின்றது; வீட்டைத் தொடவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1968இல், அது போதாதென்று கண்டு வீட்டு வாடகையையும் தொழிலையும் சட்டத்துக்குட் கொண்டுவந்தனர். அமெரிக்காவிலும் அஃதே. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஹோட்டலையும் உணவகத்தையும் திறந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டைத் திறந்தது. தான் வதியும் சிறிய வீட்டில் வாடகைக்கு விடுபவருக்கு அச்சட்டம் ஓரளவு விலக்களித்தது. ஆனால் “இன்ன இனத்தவருக்கு இல்லை” என்று விளம்பரம் செய்யும் உரிமையை அவருக்குங் கொடுக்கவில்லை.

எமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு எங்கே நிற்கிறது? பிரித்தானியா 1965இல் நின்ற அதே படியில்! அவர்கள் அடுத்த படிக்கு மூன்றாண்டில் ஏறினர். நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் படியிலேயே அமர்ந்திருக்கிறோம்.

எம்மவரே, கேளுங்கள்!

ஆட்சியாளரைச் சாடிவிட்டு எம்மவரைத் தடவிக்கொடுத்தால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வீட்டுக்காரருட் பலர் தமிழரே. ஆறுமாத முற்பணத்தை ஓராண்டாக்கியவருள் எம்மவரும் இல்லையா? “எந்த ஊர்? அந்த ஊரில் எந்தப் பகுதி? ஆருடைய பிள்ளை?” என்று கேட்டு, விடை பிடிக்காதபோது அறை போய்விட்டதென்று கூறுவோர் சிங்களத்திலா கேட்கிறார்கள்? தோட்டத்து முகவரியைக் கண்டவுடன் முகம் மாறுவது எந்தச் சட்டத்தின்படி? தமிழனைத் தமிழன் சாதி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, சிங்களவர் இனம் கேட்கிறார் என்று அழுவதற்கு எமக்கு என்ன யோக்கியதை உண்டு? வெட்கம்!

வெளிநாடுகளில் உழைப்பவர்கள் வாங்கி வருடம் முழுவதும் பூட்டி வைத்திருக்கும் தொடர்மாடி வீடுகள் எத்தனை? விடுமுறைக்கு இருவாரம் வந்து தங்குவதற்காக, ஐம்பது வாரம் கரப்பான் பூச்சி குடியிருக்கிறது. எம் பிள்ளைகளோ தெகிவளைக்கு அப்பால் பேருந்தில் தொங்குகிறார்கள்.

முன்னொரு காலத்தில் யாழ்ப்பாணத்து இலிகிதர்கள் கொழும்பிலே பலர் கூடி ஒரு வீடெடுத்து, ஒரு சமையற்காரரை அமர்த்தி, “சமறி” என்ற பெயரிற் கூட்டாக வாழ்ந்தார்கள். புதிதாக வந்த இளைஞன் வேலை கிடைக்கும்வரை அங்கே பாய் விரிக்கலாம். பெருஞ் செல்வர் அல்லர் அவர்கள், சிறு சம்பளக்காரர். அந்த ஒற்றுமை எங்கே போயிற்று?

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இலண்டனில் அறை மறுக்கப்பட்ட மேற்கு ஆபிரிக்க மாணவர்கள் 1925இல் ஒரு சங்கம் அமைத்தனர். அதனை நிறுவியவர்களுள் ஒருவரான லடிப்போ சொலங்கே, எம்மைப்போற் சட்டம் பயின்றவர். அவர் தாயகம் சென்று, ஊரூராகத் திரிந்து நிதி திரட்டி மீண்டார். 1933இல் கம்டன் பகுதியில் அவர்களின் சொந்த விடுதி திறக்கப்பட்டது. மறு ஆண்டே குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் ஆதரவில் வேறொரு விடுதி எழுந்தது. மாணவரைத் தன் கண்காணிப்பில் வைக்கும் முயற்சி அது என்று சங்கத்தார் அதனை எதிர்த்தனர். அந்த விடுதி மண்டபங்களிலே பேசிப் பழகியவர்கள் பின்னர் தத்தம் நாடுகளின் விடுதலையை நடத்திச் சென்றனர். ஒரு விடுதி ஓர் இனத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு இதனைவிட வேறு சாட்சி தேவையில்லை.

அடிமை நாட்டு மாணவர் அந்நிய நகரிற் செய்ததை, 1942 முதல் தமிழ்ச் சங்கம் நடத்திவரும் நாம், கோபுரங்களும் திருமண மண்டபங்களும் கட்டத் தெரிந்த நாம், எமது நாட்டின் தலைநகரிற் செய்ய முடியாதா?

நாம் கேட்பது

ஒன்று: வாடகைக்கு விடுவதில் இனம், மதம், மொழி, சாதி, பிறப்பிடம் பார்ப்பதைத் தடைசெய்யும் சட்டமொன்று பாராளுமன்றத்திற் கொண்டுவரப்படவேண்டும். 12(3) உறுப்புரையில் வாடகைக் குடியிருப்பும் சேர்க்கப்படவேண்டும். குடும்பத்தோடு வதியும் வீட்டின் ஒற்றை அறைக்கு விலக்கு வேண்டுமாயின் அளியுங்கள். ஆனால் பாரபட்சமான விளம்பரத்துக்கு எவருக்கும் விலக்கு வேண்டாம்.

இரண்டு: மாணவரிடம் பெறும் முற்பணம் இரண்டு மாத வாடகையை மேவலாகாது. பற்றுச்சீட்டுக் கட்டாயம். வெளியேறி ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிணக்குகளைச் செலவின்றித் தீர்க்க மாநகர சபைதோறும் ஒரு சபை வேண்டும்.

மூன்று: பட்டப்பின் நிறுவகம் ஒவ்வொன்றும், எத்தனை வெளிமாவட்ட மாணவரை அனுமதிக்கிறதோ அதற்கேற்ற விடுதியை அமைக்கவேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதனை நிபந்தனையாக்கவேண்டும். அங்கே இடம் இனம் பார்த்தன்று, தூரமும் வறுமையும் பார்த்து வழங்கப்படவேண்டும். பெண்களுக்குச் சமபங்கு வேண்டும். இரவு எட்டு மணிவரை நூல்நிலையத்திலிருந்து திரும்பும் பெண்ணைக் குற்றவாளிபோற் பார்க்கும் வீட்டுக்காரரிடமிருந்து அவர்களுக்கு முதலில் விடுதலை வேண்டும்.

நான்கு: சட்டத்தில் இல்லாத எந்தக் கடிதத்தையும் கடவையையும் தமிழ் மாணவரிடமோ அவருக்கு அறை கொடுப்பவரிடமோ எந்தப் பொலிஸ் நிலையமும் கேட்கலாகாது.

ஐந்து, எம்மவருக்கு: கொழும்பிலே தமிழ் மாணவர் விடுதியொன்றை நாமே எழுப்புவோம். பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டு விருந்தில் ஒன்றைக் கைவிட்டால் அடித்தளம் எழும். அதன் வாயிலில் ஊர் கேட்கக்கூடாது, சாதி கேட்கக்கூடாது, அதன் நிருவாகத்தில் மாணவரும் இருக்கவேண்டும்.

இவற்றில் எது நடைமுறைக்கு ஒவ்வாதது? எது நாட்டைப் பிரிப்பது? எது பிற இனத்தவரின் கவளத்தைப் பறிப்பது? கூறட்டும்! முதல் நான்கும் நிறைவேறினால் மொனராகலை மாணவனும் நன்மையடைவான். தலைநகர் எல்லோருக்கும் உரியது என்று மேடைதோறும் முழங்கும் தலைவர்கள், அந்தத் தலைநகரில் ஒரு தமிழ்ப் பிள்ளை தலைசாய்ப்பதற்கு ஆறடி இடத்தை உறுதிசெய்துவிட்டு அடுத்த முறை முழங்கட்டும்.

பாராளுமன்றத்திலுள்ள எமது பிரதிநிதிகளே! வாக்குக் கேட்க வரும்போது எம் படலையைத் திறந்து வைத்தோம். எம் பிள்ளைகளுக்கு மூடிய படலைகளைத் திறக்கும் சட்டமூலத்தை நீங்கள் எப்போது கொண்டுவரப் போகிறீர்கள்? ஒரு தனி உறுப்பினர் பிரேரணைக்கேனும் உங்களிற் கையொப்பமிடுபவர் எவர்? அடுத்த தேர்தலில் இந்தக் கேள்வியோடு உங்களை எதிர்கொள்வோம், ஆயத்தமாக வாருங்கள்.